முப்பதாவது குரல்

12-7-1991, வெள்ளி. தாம்பரம் மாலை வகுப்பு பிழைத்துவிட்டது! முப்பது பிள்ளைகள் இல்லாவிட்டால் மூடிவிடுவோம் என்று எழுதியிருந்த அதிகாரி இன்று வந்தார். பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்து, அவரே எண் சொல்லச் சொன்னார். கடைசியில் "முப்பது!" என்று கேட்டது. கையெழுத்துப் போட்டார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஆனால் பதிவேட்டில் இருபத்தொன்பது பெயர்கள்தான். நான்தான் யாரையோ எழுதாமல் விட்டிருப்பேன்.

ஆறரைக்கு அறையைப் பூட்டிவிட்டு, வாசலில் மறுபடியும் எண்ணவைத்தேன். கடைசியில் நின்ற காந்திமதி "இருபத்தொன்பது" என்றாள்.

பூட்டிய அறைக்குள்ளிருந்து "முப்பது!" என்று உற்சாகமாகக் கேட்டது.

"உள்ள யாருடி?"

"அதுக்கு வூடு இல்லக்கா, இங்கதான் கீது," என்றாள் காந்திமதி. "டெய்லி நாங்க எண்ண சொல்லோ அதுவும் சொல்ல வரும். நீங்கதான் என்னோட போதும்னு நிறுத்திடுவீங்க."