மூன்றாவது ஓலை

பூசையில் எல்லோரும் நற்கருணை நன்மை வாங்க எழுந்து போனார்கள். பேக்கரியில் பாண் போடும் சூசைமுத்து மட்டும் முழந்தாளில் நின்றபடியே இருந்தார்.

அந்த வாரம் கண்டி மாதா கோயிலில் இதைவிடப் பெரிய செய்தி இல்லை.

"பாத்தீங்களா? சிவப்புக்கு வோட்டுப் புள்ளடி போட்ட மனுசன், எந்த நாக்கோட நற்கருணையை வாங்குவாரு? உள்ளுக்குள்ள குத்துதில்ல!" என்றார் மதலேனம்மா. பக்கத்தில் இருந்தவளின் காதில்தான் சொன்னார். நாலு வாங்கு தள்ளி உட்கார்ந்திருந்தவர்களுக்கும் கேட்டது.

விஷயம் இதுதான். 1960 பொதுத்தேர்தல். சிவப்புக்காரர்கள் என்ற இடதுசாரிகளும் அவர்களுடைய கூட்டாளிகளும் வந்தால் கோயில் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் எடுத்துக்கொள்ளும் என்று ஒரே பயம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த சாமியார் பிரசங்கத்திலேயே சொல்லிவிட்டார்: "அவைக்கு வோட்டுப் போடுறது பாவம். போட்டவர்கள் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் நன்மைக்கு வரப்படாது."

தேர்தலன்று காலைப் பூசை முடிந்ததும் கோயில் சனங்கள் கூட்டமாகவே வோட்டுப் போட நடந்தார்கள். சூசைமுத்து மட்டும், "நீங்க முன்னுக்குப் போங்க, நான் வந்திர்றேன்" என்று பின்தங்கினார். பிறகு அவரை அந்தப் பக்கமே காணவில்லை.

சாயந்தரம் மதலேனம்மா நேராகவே கேட்டார். "கோயில் சொன்ன கட்சிக்குத்தானே போட்டீங்க?"

சூசைமுத்து தலையைக் குனிந்துகொண்டார்.

போதாதா? ஒளிந்து போய்ச் சிவப்புக்குப் போட்டுவிட்டார் என்று முடிவாகிவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

வேறு யாராக இருந்தாலும் நாலு நாள் பேசிவிட்டு விட்டிருப்பார்கள். ஆனால் சூசைமுத்துவின் ஒரே மகள் ரெஜினாவை மதலேனம்மாவின் மகனுக்கு நிச்சயம் செய்திருந்தது. கல்யாண அறிவிப்பை மூன்று ஞாயிறு பூசையில் வாசிப்பார்கள். அதைத்தான் ஓலை என்பார்கள். இரண்டு ஓலை வாசித்தாயிற்று. மூன்றாவதையும் வாசித்துவிட்டால் கல்யாணம்தான்.

அந்த ஞாயிறு, நன்மை வாங்காமல் பூசை முடிந்து வெளியே வந்த சூசைமுத்துவை மதலேனம்மா மறித்தார்.

"சம்மந்தி, நான் ஒண்ணும் கல்நெஞ்சுக்காரி இல்ல. மனுசன்னா பாவம் செய்யிறதுதான். சாமிகிட்டப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்ங்க. எல்லாரும் பாக்க நன்மை வாங்குங்க. நான் மனசார மன்னிச்சிர்றேன். அதுக்கப்புறம் மூணாவது ஓலை. இல்லேன்னா இந்தச் சம்பந்தம் வேணாங்க."

"சரிங்க" என்றார் சூசைமுத்து. ஆனால் சாமியாரிடம் போகவில்லை. திங்கள் போயிற்று, செவ்வாய் போயிற்று. மனிதர் பாட்டுக்கு வேலைக்குப் போய் வந்தார்.

குண்டசாலையில் அவர்களுடைய சின்ன வீட்டில் ரெஜினா அழுதாள். தாயில்லாத பிள்ளை. பதினேழு வயது.

"அப்பா, ஒரு வார்த்தை சொன்னா முடியிற காரியம்தானே? சாமி என்ன, அடிக்கவா போறாரு?"

"அதைச் சொல்லக்கூடாதும்மா."

"என்னையவிட அந்தக் கட்சி உங்களுக்குப் பெருசாப் போச்சா?"

பெற்ற பிள்ளை வாயால் இப்படிக் கேட்டால் எந்தத் தகப்பனுக்கும் நெஞ்சு வெடித்துவிடும். சூசைமுத்துவுக்கும் வெடித்தது. அன்று இருவரும் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை ஒருவழியாகச் சாமியாரின் அறை வாசலில் போய் நின்றார்.

"வாரும், வாரும். பாவசங்கீர்த்தனத்துக்கோ?"

"இல்லீங்க சாமி. நாளைக்குப் பூசை முடியுமட்டும் கோயில் வாசல்ல முழந்தாள்ல நிக்கிறேன். உள்ள போற சனமெல்லாம் பாக்கட்டும். அதோட என்னைய மன்னிச்சாச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லி, ஓலையை வாசிச்சிருங்க."

சாமியாருக்குக் கோபம் வந்துவிட்டது.

"பாவத்தைச் சொல்லாமல் மன்னிப்போ? இதென்ன, சந்தையில பேரம் பேசுறமாதிரி? சிவப்புக்குப் போட்டனான் எண்டு ஒரு சொல்லுச் சொல்லும். இப்பவே மன்னிக்கிறன்."

"அதைத்தாங்க சாமி சொல்ல முடியாது."

"ஏன், வெக்கமோ?"

"பாவசங்கீர்த்தனத்துல பொய் சொல்றது பெரும் பாவம்னு நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க?"

"பொய்யோ? என்ன பொய்?"

சூசைமுத்து வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எனக்கு வோட்டே இல்லீங்க சாமி. பொறந்தது, வளந்தது எல்லாம் தெல்தெனியப் பக்கம் தோட்டத்துல. ஆனா பிரஜாவுரிமை கேட்டு மனுப் போட்டதுக்கு, இந்தியாவுல இருந்து வந்த பரம்பரைன்னு சொல்லி, இல்லைன்னுட்டாங்க. பொண்ணு நிச்சயம் பண்ணினப்ப கெடைச்சிரும்னுதான் நம்பியிருந்தேன். போன மாசந்தான் முடிவு சொன்னாங்க. ரெஜினாவுக்குக்கூடத் தெரியாது."

சாமியார் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். பிரசங்கத்தில் அவர் போடச் சொன்ன கட்சிதான் முன்னே ஆட்சியில் இருந்தபோது இந்தத் தோட்டச் சனங்களின் வோட்டைப் பறித்தது. அது அப்போதுதான் ஞாபகம் வந்ததோ என்னவோ, அவர் குரலில் கோபம் இறங்கியிருந்தது.

"எனக்கு வோட்டு இல்லையெண்டு அந்த மனுசிக்கு அண்டைக்கே சொல்லியிருக்கலாமே! செய்யாத பாவத்தை ஏன் காணும் தலையில சுமக்கிறீர்?"

சூசைமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பாவின்னா மன்னிச்சிருவாங்க சாமி, மகளையும் கட்டிக்குவாங்க. கள்ளத்தோணின்னா யாரு மன்னிப்பா?"