ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை

செத்துக் கிடந்த பத்திரிகை ஒன்றை ஒரே ஒரு தலைப்பால் எழுப்பி, எழுந்த வேகத்தில் ஊர் எல்லைவரை ஓடவிட்டவன் நான். அதுவும் காலைக் காபிக்கு முன்னால்.

தலைப்பு வைத்த அன்றே அக்கா மகளிடம் சொன்னேன், ஒரு பிரதிகூட மிஞ்சாது, மொத்தக் கல்லூரியும் முட்டி மோதிப் படிக்கும் என்று.

"காது குத்தாதீங்க மாமா, எனக்கு ஏற்கெனவே குத்தியாச்சு" என்றாள். இந்த உலகத்தில் என்னை நம்பாத ஒரே ஜீவன்.

அவள்தான் கல்லூரிப் பத்திரிகையின் ஆசிரியர். நான் உள்ளூர் நாளிதழில் தலைப்பு வைத்தே தலை நரைத்தவன். நான் ஓய்வு பெற்ற மறுவாரம் அந்த நாளிதழும் ஓய்வு பெற்றுவிட்டது. என் பிரிவு தாங்கவில்லை.

அவளுடைய பத்திரிகைக்கும் சங்கு தயாராக இருந்தது. பச்சை நைலான் கயிற்றால் கட்டி ஸ்டாண்டில் வைத்த கட்டுகள் மாதாமாதம் பிரிக்காமலே திரும்பி வந்தன. இந்த இதழும் மிஞ்சினால் இதுவே கடைசி என்று துணை முதல்வர் அன்போடு சொல்லிவிட்டார்.

மாடியில் இருக்கும் தேர்வு மண்டபத்தின் தளம் விரிசல் விட்டுக்கொண்டே வருவதை அவள் எழுதியிருந்தாள். அந்தச் செய்தி கடைசிப் பக்க மூலையில், 'கட்டடப் பராமரிப்பு: ஒரு பார்வை' என்ற தலைப்பின் கீழ் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. காதைப் பிடித்துத் தூக்கி முதல் பக்கத்தில் நிறுத்தினேன்.

'மாடி ஏறாதீர்கள்!'

நேற்று மாலை கட்டுகளை வைத்தோம். இன்று காலை, தேர்வு மணிக்குக் கொஞ்சம் முன்னால் வந்து பார்த்தால் நூலக வாசல் காலி. உணவகம் காலி. மண்டபத்துக்கு நேர் கீழே, தாழ்வாரத்தில் இருந்த ஸ்டாண்டும் கழுவிக் கவிழ்த்ததுபோல் காலி.

நான் ஆடிய ஆட்டத்தில் தாழ்வாரத்துப் புறாக்கள் பக்கத்து ஊருக்குக் குடிபோயின.

அவள் ஆடவில்லை. குனிந்து ஸ்டாண்டுக்கு அடியில் தேடினாள்.

"கயிறு எங்க மாமா?"

படிக்க எடுப்பவன் கட்டைப் பிரித்துத் தாளைத்தான் கொண்டுபோவான். கயிறு தரையில் கிடக்கும். காலமெல்லாம் பத்திரிகைச் சோறு தின்ற எனக்கு அது தோன்றவில்லை.

"எவனாவது துணி காயப்போட எடுத்திருப்பான், விடு."

"சரி, பேப்பர் எங்க? ஒருத்தர் கையிலயாவது இருக்கா? யாராவது விசிறிட்டாவது இருக்காங்களா?"

சுற்றிப் பார்த்தேன். மரத்தடி, குழாயடி, வண்டி நிறுத்துமிடம். எத்தனை பிள்ளைகள், எத்தனை கைகள். எந்தக் கையிலும் தாள் இல்லை. பெஞ்சில் விரித்து உட்கார்ந்தவன்கூட இல்லை.

என் ஆட்டம் பாதியில் நின்றது.

காலி ஸ்டாண்டின் மேல், மாவு சலித்ததுபோல் வெள்ளைத் தூள். அவள் விரலால் துடைத்தாள். மறுபடி விழுந்தது.

மணி அடித்தது. கூட்டம் முற்றத்துப் படிக்கட்டை நோக்கி நகர்ந்தது.

"உங்க பையில ஒண்ணு இருக்குல்ல?"

இருந்தது. சொந்தத் தலைப்பைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்ட வேண்டாமா? பிடுங்கிக்கொண்டு ஓடினாள். முதல் படியில் குறுக்கே நின்று, இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள்.

முதலில் வந்தவன் கிட்டத்தட்ட அவள்மேல் மோதி நின்றான். காதில் செருகியிருந்த ஒயரைக் கழற்றினான். அவன் தோள் வழியாக ஒருத்தி எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் நாலு தலை. பிறகு எண்ண முடியவில்லை. தேர்தல் முடிவு வந்த நாளில்கூட ஒரே தாளின்மேல் அத்தனை தலைகளை நான் கண்டதில்லை.

யாரும் ஏறவில்லை.

"அங்க என்ன வேடிக்கை? மேல வாங்க எல்லாரும்!"

மாடியில், மண்டபத்து வாசலில் துணை முதல்வர். சிரித்த முகம். மார்போடு அணைத்திருந்த விடைத்தாள் கட்டைச் சுற்றிப் பச்சை நைலான் கயிறு.

அவர் ஓர் அடி எடுத்து வைத்தார். கீழே தாழ்வாரத்தில் தூள் கொட்டியது.

இன்னோர் அடி. இந்த முறை தூளோடு ஒரு சத்தமும், காய்ந்த கிளையை யாரோ மெதுவாக வளைப்பதுபோல்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. எதிரே இருந்த கண்கள் ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்குவதைப் பார்த்தபடி, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"படிக்கிறாங்க மாமா."