பாசிக்குள் ஒரு நத்தை

"இதுக்குள்ள ஒரு உசுரு இருக்கு. எங்கன்னு காட்டுங்க பாப்போம்."

ஜெஸ்ஸி கண்ணாடி ஜாடியை ஜன்னலோரம் நகர்த்தி வைத்தாள். பெண் பார்க்க வந்த ஆல்வினுக்கு அப்பாடா என்றிருந்தது. 'ரெண்டு பேரும் செத்த நேரம் தனியாப் பேசட்டும்' என்று பெரியவர்கள் மாடிக்கு அனுப்பியதிலிருந்தே, ரயில் டிரைவர் வேலையைப் பற்றி எங்கே கேட்டுவிடுவாளோ என்று அவனுக்கு உதறல். கிடைத்த வேலையை அவனே வேண்டாமென்று விட்டதாகத்தான் தரகர் சொல்லியிருந்தார். உண்மையைச் சொன்ன வீடுகளிலெல்லாம் பேச்சு காபியோடு நின்றுபோயிருந்தது. ஆனால் இந்தப் பெண்ணை விட அவனுக்கு மனசே இல்லை.

"சேலை நல்லாருக்குன்னு மட்டும் சொல்லு. அதுக்கு மேல ஒண்ணும் வர்ணிக்காத" என்று செம்பட்டியில் கார் ஏறும்போதே அக்கா எச்சரித்திருந்தாள்.

ஜாடியில் கடல்தண்ணீர். அதற்குள் கொத்துக் கொத்தாகப் பாசி. தான் பாடம் எடுக்கும் காலேஜ் பிள்ளைகளை மண்டபம் கடற்கரைக்குக் கூட்டிப்போன இடத்தில் எடுத்து வந்தாளாம்.

"இந்தா இருக்குல்ல" என்று கண்ணாடியில் விரல் வைத்தான் ஆல்வின்.

அவன் காட்டிய இலை மெதுவாக இரண்டு கொம்பை நீட்டியது. பிறகு ஊர்ந்தது. நகத்தளவுகூட இல்லை.

"ஓடில்லாத நத்தை" என்றாள் ஜெஸ்ஸி. "பாசியோட பச்சைய உறிஞ்சி ஒடம்புக்குள்ள பத்திரமா வச்சுக்கிரும். அப்புறம் தானும் ஒரு இலை மாதிரி வெயில் காஞ்சு கெடக்கும்."

ஆல்வின் ஜாடியோடு முகத்தை ஒட்டினான். ஆண்டவரே, இம்புட்டூண்டு சீவனுக்கு இம்புட்டு வித்தையா! வந்த வேலை, பயம் எல்லாம் மறந்துபோய், மூச்சை அடக்கிப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"நேத்து என் கிளாஸே தேடுச்சு. ஒருத்தர் கண்ணுலயும் படல. பச்சைக்குள்ள பச்சை. நெறத்தப் பாத்துத் தேடுற ஆளுக்கு இது சிக்காது. எங்க வீட்ல ஒருத்தர்தான் பாத்த ஒடனே காட்டுனாரு."

"யாரு?"

"எங்கப்பா." அவள் அவன் முகத்தையே பார்த்தாள். "வேலைய நீங்க விடல. கண்ணு டெஸ்ட்ல ரயில்வேக்காரங்கதான் உங்களக் கழிச்சு விட்டுட்டாங்க. அப்படித்தானே?"

சோலி முடிந்தது என்று ஆல்வின் வாசல் பக்கம் திரும்பினான்.

"எங்க போறீங்க? எங்கப்பாவுக்கும் செவப்பும் பச்சையும் ஒண்ணுதான். அவருக்குச் சட்டை எடுத்துக் குடுக்குறது எங்கம்மா. உங்களுக்கு இனிமே நான்."