சூப் சட்டியில் ஒரு திருடன்

"இதுல ஓநாய் கிடையாது, பாஸ்டர். சூனியமும் கிடையாது. வெறும் ஆட்டுக்கறி சூப்தான்."

பிஸ்கட் பெட்டியை வெட்டிச் செய்த அட்டைகளை மேஜைமேல் பணிவாக வைத்தான் நார்ட்டே. பாஸ்டர் டான்சோ அவற்றைத் தொடவில்லை. கண்ணாடி வழியாக மோப்பம் பிடித்தார்.

போன வருஷம் டெமா நகரத்து வாலிபர் முகாமில், கூட்டத்தில் ஒளிந்திருக்கும் ஓநாயைக் கண்டுபிடிக்கும் ஆட்டம் ஆடப்போய், நார்ட்டேயும் கூட்டாளிகளும் போட்ட ஊளையில் பக்கத்துச் சபைக்காரர்கள் பிசாசு விரட்ட எண்ணெயோடு வந்துவிட்டார்கள். நார்ட்டேயின் தலையணையில் அந்த எண்ணெய்க் கறை இன்னும் இருக்கிறது. இந்த வருஷ முகாமில் புது ஆட்டம் ஆட பாஸ்டர் அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போடாவிட்டால், மூன்று நாளும் பைபிளின் லேவியராகமச் சட்டங்களில் வினாடி வினாதான்.

"எப்படி ஆடுறது?"

"எல்லாரும் ஒரு வீட்டுப் பிள்ளைங்க. அதுல ஒருத்தர் கறித் திருடன். அவங்கவங்க அட்டை அவங்கவங்களுக்கு மட்டுந்தான் தெரியும். நான் 'ராத்திரி'ன்னா எல்லாரும் கண்ணை மூடணும். திருடன் மட்டும் திறந்து, யாரோட கறி வேணும்னு கைகாட்டுவான். கறி போனவங்க அவுட். விடிஞ்சதும் மத்தவங்க சண்டை போட்டு ஒருத்தரை வெளியே தள்ளணும். கடைசி ரெண்டு பேர்ல திருடன் இருந்தா அவன் ஜெயிச்சான்."

"திருடன் பொய் சொல்லுவானோ?"

"விளையாட்டுக்கு..."

"நானும் ஆடுறேன். ஒரே ஒரு பொய் காதுல விழட்டும், லேவியராகமந்தான்."

நார்ட்டே அந்தப் பக்கம் திரும்பி நின்று அட்டைகளைக் கலைத்தான். பாஸ்டருக்கும், சபைச் சமையலைப் பார்க்கும் டேடே ஆன்ட்டிக்கும், தன் கூட்டாளிகள் எசினாமுக்கும் மவூலிக்கும் ஆளுக்கொன்று கொடுத்தான்.

"ராத்திரி. கண்ணை மூடுங்க. திருடா, கண்ணைத் திற."

நார்ட்டே தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"திருடா, கண்ணை மூடு. விடிஞ்சது. எசினாம், உன் கறி போச்சு."

"முதல் ராத்திரியேவா! டேய் மவூலி, எலும்பைக்கூட விடாதவன் நீதானே!"

"ஏன், ஆன்ட்டி இல்லையா? ஈஸ்டர் அன்னிக்கு மூணு கறித்துண்டை ஃபுஃபு மாவு உருண்டைக்கு அடியில ஒளிச்சு வெச்சது யாரு?"

"அடப்பாவி! உப்பு பார்க்க எடுத்தேன்டா!"

"மூணு துண்டுலயும் உப்பு பார்த்தீங்களா?"

பாஸ்டர் கையை உயர்த்தினார். "பிள்ளைகளே, நான் ஊழியக்காரன். என் வாயில பொய் வராது. என் அட்டையில 'பிள்ளை'ன்னுதான் போட்டிருக்கு. இந்த மவூலியோட முழியைப் பாருங்க."

ஊழியக்காரர் சொன்னபின் மேல்முறையீடு ஏது? மவூலி வெளியே தள்ளப்பட்டான். மிச்சம் பாஸ்டரும் ஆன்ட்டியும்.

"அப்போ திருடி நீங்கதான், ஆன்ட்டி!" என்று குதித்தாள் எசினாம்.

ஆன்ட்டி அட்டையை மேஜையில் அறைந்தார். 'பிள்ளை.' பாஸ்டர் நிதானமாகத் தன்னுடையதைத் திருப்பினார். 'பிள்ளை.' மவூலியும் எசினாமும் திருப்பினார்கள். பிள்ளை, பிள்ளை.

நாலு பேரும் நார்ட்டேயைப் பார்த்தார்கள்.

"பாஸ்டர் முன்னாடி யாரும் பொய் சொல்ல வேண்டாமேன்னு திருடன் அட்டையை நான் போடவே இல்ல" என்றான் அவன். "யார் கறியும் போகலைன்னு சொல்லி சுமுகமா முடிச்சிடலாம்னு நினைச்சேன்."

"அப்புறம் என் கறியைக் கைகாட்டினது யாருடா?"

நார்ட்டே வாயைத் திறப்பதற்குள், "பேனா எங்கே, பேனா எங்கே" என்று பதறிய பாஸ்டர் டான்சோ, ராத்திரியில் தான் மட்டும் கண்ணைத் திறந்து எசினாமைக் காட்டிய அதே விரலால் அனுமதிக் கடிதத்தை இழுத்து, படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.