விட்டுப்போன கட்டம்

"இந்த ஃபைலை டெஸ்ட் பண்ணது யாரு?"

மேனேஜர் பாண்டுரங்கன் கேட்டார். ரஞ்சனிதான் முந்திக்கொண்டாள்.

"நான் இல்ல சார். எனக்கு பெயிண்ட் ஷாப் ஃபைலுங்க மட்டுந்தான்."

"நாந்தான் சார்" என்றாள் பக்கத்து நாற்காலியில் இருந்த இசக்கிசெல்வி.

முந்தின நாள் காலை ஷிஃப்டில் தகடு அழுத்துகிற பிரஸ் மெஷின், தளவாய் என்கிற தொழிலாளியின் வலது கையை நசுக்கிவிட்டது. கட்டை விரல் மட்டும்தான் மிச்சம். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த காண்ட்ராக்ட் ஆள்.

"கையை உள்ளே விடக் கூடாதுன்னு மெஷின் திரையிலேயே எச்சரிக்கை போட்டிருக்கோம். மீறினது அவன். கணக்கு முடிச்சு ஊருக்கு அனுப்பிடுங்க" என்று அன்றைக்கே ஆபீசில் பேசி முடித்துவிட்டார்கள்.

இன்று ஆதாரத்துக்கு அந்தத் திரையைப் படம் எடுக்கப் போனார்கள். எச்சரிக்கைக் கட்டத்தையே காணோம். கூட வந்திருந்த அரசாங்கத் தொழிற்சாலை ஆய்வு அதிகாரியும் அதைப் பார்த்துவிட்டார்.

அந்தத் தொழிற்சாலையின் கையேடுகள் எல்லாம் லேடெக்ஸ் என்கிற கணினி மொழியில் அடித்தவை. திறந்தால் வரிக்கு வரி குறியீடாக இருக்கும். சூப்பர்வைசர்கள் கிட்டேயே போக மாட்டார்கள். அவற்றை வேர்டு மாதிரி கண்ணால் பார்த்துத் திருத்துகிற எடிட்டருக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். லேடெக்ஸிலிருந்து எடிட்டருக்கு, எடிட்டரிலிருந்து மறுபடி லேடெக்ஸுக்கு என்று மாற்றிப் பார்த்து, எதுவும் விட்டுப்போகவில்லை என்று சொல்வதுதான் ரஞ்சனிக்கும் இசக்கிக்கும் வேலை. அவர்கள் ஓகே கொடுக்கிற ஃபைல்தான் மெஷின் திரையிலும் வரும்.

மாற்றித் தருகிற சாஃப்ட்வேரின் பழைய வெர்ஷனில் ஒரு கோளாறு இருந்தது. கட்டம் கட்டிய எச்சரிக்கைகளைச் சத்தமில்லாமல் முழுங்கிவிடும். அதைக் கண்டுபிடித்துப் புது வெர்ஷன் வாங்கியதும் இவர்கள்தான்.

"தெரிஞ்சும் எப்படிம்மா விட்ட?" என்றார் பாண்டுரங்கன்.

"பழைய வெர்ஷன்ல ஓடிருச்சு சார். பாக்காம ஓகே குடுத்துட்டேன்."

அவள் அழவில்லை. குரல்கூடக் கம்மவில்லை. ரஞ்சனிக்கு அதுதான் ஆத்திரமாக வந்தது.

மத்தியானம் கேண்டீனில் இசக்கி உட்கார்ந்த மேஜையில் யாரும் உட்காரவில்லை. "ஒருத்தன் கையத் தின்னுட்டு எப்படித்தான் சோறு எறங்குதோ" என்று லைனில் வேலை பார்க்கிற கலைமணி அவள் காதில் விழும்படியே சொன்னான். ரஞ்சனியும் ஆமென்று தலையை ஆட்டினாள்.

சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிவாகிவிட்டது. கம்பெனி கையேட்டிலேயே எச்சரிக்கை இல்லாதபோது தளவாய் மேல் எந்தக் குற்றத்தைச் சொல்வது? ஆய்வு அதிகாரி விடவில்லை. வைத்தியம் கம்பெனி பொறுப்பு, கை ஆறினதும் ஸ்டோர்ஸில் நிரந்தர வேலை என்று எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

இசக்கியை அன்றோடு நிறுத்திவிட்டார்கள். வேலை பார்த்ததற்கான சான்றிதழும் கிடையாது. வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் எந்தக் கம்பெனி கேட்டாலும் என்ன பதில் போகும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

கேட் வரைக்கும் கூடப் போய் அடையாள அட்டையை வாங்கி வரச் சொல்லி ரஞ்சனியை அனுப்பினார்கள்.

பாதி வழியில் ரஞ்சனியால் அடக்க முடியவில்லை.

"ஆஸ்பத்திரிக்காச்சும் போய் அந்தாளப் பாத்தியாடி?"

"இல்லக்கா. அவுக மொகம்கூட எனக்குத் தெரியாது."

"நல்லா சொல்ற. ஒரு நிமிசம் ஒழுங்கா பாத்துக் குடுத்துருந்தா இன்னிக்கு அந்தாளுக்குக் கை இருந்துருக்கும்."

இசக்கி கழுத்திலிருந்து அட்டையைக் கழற்றினாள்.

"கை உள்ள போனா பிரஸ்ஸ நிப்பாட்டுத சென்சார் இருக்குல்லா அக்கா. அது ஏன் நிப்பாட்டல?"

ரஞ்சனி சட்டென்று பின்னால் திரும்பிப் பார்த்தாள். டார்கெட் நெருக்கும்போது சென்சாரை அணைத்துவிட்டுத்தான் லைனை ஓட்டுவார்கள். அணைக்கச் சொல்வது மேலேயிருந்து. கேண்டீனில் டீ ஊற்றுகிறவருக்குக்கூட அது தெரியும். இன்றைக்கு அத்தனை பேரையும் உட்காரவைத்து விசாரித்தார்களே, ஒருவர் வாயிலிருந்தும் அது வரவில்லை. ரஞ்சனி வாயிலிருந்தும்தான்.

"அத யாரு போய்ச் சொல்றது? வூட்ல ரெண்டு புள்ளைங்கள வச்சிக்கினு நான் சொல்ல முடியுமா?"

"உங்களச் சொல்லலக்கா. நானுந்தான் சொல்லல. சொன்னா ரெண்டு பேரையும் சேத்து வெளிய அனுப்பிருப்பாவ, அம்புட்டுதான்."

"அப்போ இன்னாத்துக்கு இப்ப சென்சார இழுக்கற? உன் தப்ப மூடறதுக்கா? அந்தக் கட்டம் மட்டும் திரையில இருந்துருந்தா..."

"இருந்துச்சுக்கா."

ரஞ்சனிக்குப் புரியவில்லை. "இன்னாடி சொல்ற?"

ஷேர் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. இசக்கி அட்டையை அவள் கையில் வைத்தாள்.

"அடிபட்ட அன்னைக்கு எச்சரிக்கை திரையில இருந்துச்சு. அத வச்சுத்தான அவுக மேலயே பழியப் போட்டு ஊருக்கு அனுப்பப் பாத்தாவ. அது காதுல விழுந்த பொறவுதான், அந்த ஃபைல நான் பழைய வெர்ஷன்ல போட்டு எடுத்துத் திரைக்கு ஏத்துனேன்."