செம்பருத்தித் திருடர்கள்

உத்திரமேரூர்ப் பக்கம் எங்கள் தெருவில் செம்பருத்தி இருப்பது எல்லப்பன் வீட்டில் மட்டும்தான். ஒன்பதாம் வகுப்புக்கு உயிரியல் செய்முறைத் தேர்வு வந்தால், பூவை அறுத்துப் பாகம் காட்டுவதற்காகப் பிள்ளைகள் அவர் வேலியில் நுழைந்து திருடுவார்கள். பெண்டாட்டி செத்ததிலிருந்து யாரோடும் பேசாத மனுஷன், அன்றைக்கு மட்டும் தெருவே அதிரக் கத்துவார்.

"காலை ஒடிச்சி அடுப்புல வெச்சிடுவேன்டா!"

பிள்ளைகள் சிரித்துக்கொண்டே ஓடுவார்கள்.

இந்த வருஷம் சத்தமே இல்லை. எனக்குப் பொறுக்குமா? போய் எட்டிப் பார்த்தேன். செடி நிறையப் பூ. மனுஷன் வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னாண்ணா, ஒரு திருடனும் வரலியா?" என்றேன். "பூவெல்லாம் வாணாம்னு கம்ப்யூட்டர்ல படம் காட்டியே காலைல பரீட்சைய முடிச்சிட்டாங்களாம். உனுக்குப் பேஜார் வுட்டுது."

"முடிஞ்சிட்ச்சா?" என்று மட்டும் கேட்டார்.

அப்போதுதான் கவனித்தேன். வேலியில் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு சந்து.

"ஐயையோ, யாருண்ணா பிரிச்சது?"

"நான்தான். வேலிகாத்தான் முள்ளு, புள்ளைங்க கால்ல ஏறிடும். வருஷா வருஷம் பரீட்சைக்கு மொத நாளு எடுத்து வுட்டுடுவேன்."

ஓரமாகக் கிடந்த முள்ளுக் கிளையைக் கையில் எடுத்தேன்.

"சரி, நான் கட்டி மூடிடட்டுமா?"

"இருக்கட்டும்மா," என்றார். "பொழுது சாயட்டும்."