எராஸ்மோவின் குளிர்காலப் பாத்தி

கண் தெரியாத மனுஷனை ஈர மண்ணில் மண்டியிட வைத்துவிட்டு, அம்மா வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சூடாக மாத்தே இலைத் தேநீர் உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

ஈஸ்டர் விடுமுறைக்கு சாந்தியாகோவிலிருந்து பஸ் பிடித்து வந்த நெலிடா, பையைக்கூட இறக்காமல் வேலியோரம் நின்றுவிட்டாள்.

"அங்க இல்ல கிழவா, இன்னும் இடது பக்கம். கோசுக்கு நடுவுல அவ்வளவு களை கிடக்கு, உன் கைக்குத் தட்டுப்படலியா?"

அப்பா எராஸ்மோ முணுமுணுத்துக்கொண்டே தவழ்ந்து போனார். விரலால் ஒவ்வொரு இலையாகத் தடவி, களையை மட்டும் பிடுங்கிப் பின்னால் எறிந்தார். சில்லான் சந்தையில் அவர் கோசுக்குத் தனி மரியாதை இருந்த காலம் உண்டு. போன வருஷம் கண்ணில் நீரழுத்தம் வந்து பார்வை மொத்தமாகப் போய்விட்டது.

இது என்னம்மா கொடுமை என்று நெலிடா கேட்டதற்கு, அம்மா இஸ்மேனியா அசையவே இல்லை. அவர் தோட்டம், அவர்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, குவளையில் இன்னும் கொஞ்சம் வெந்நீர் ஊற்றிக்கொண்டாள்.

மத்தியானம் மீன் சூப்போடு சண்டையும் சேர்ந்து வந்தது. ஈஸ்டர் முடிந்ததும் வரும் குளிர்காலத்துக்கு எதை எங்கே நடுவது என்று. அப்பா ரொட்டியைப் பிய்த்து மேஜையில் வரிசையாக வைத்தார். இது பூண்டு, இது லெட்யூஸ், இது ஹாபா அவரை. அவரையை வடக்கே சமையலறைப் பக்கம் நட்டால் பறிக்கச் சௌகரியம் என்றாள் அம்மா.

"குளிர்காலத்துல நம்ம நாட்டுல வெயில் வடக்க சாஞ்சு வரும் கிழவி. அவரை ஆள் உயரம் வளரும். தெக்க நட்டாத்தான் லெட்யூஸுக்கு வெயில் கிடைக்கும்."

அம்மா வேண்டுமென்றே இன்னும் நாலு வார்த்தை எதிர்த்துப் பேசி, கடைசியில் ஏதோ போகட்டும் என்பதுபோல விட்டுக்கொடுத்தாள்.

சாப்பிட்ட கையோடு மறுபடி தோட்டம். கயிற்றைக் கட்டி, அதைத் தடவிக்கொண்டே அப்பா பூண்டுப் பல்லை ஒவ்வொன்றாக ஊன்றினார். வரிசை கோணலாகப் போகிறது என்று நாற்காலியிலிருந்து குரல் வந்தது. அவர் முழங்கால் இரண்டும் சேறு. உள்ளே வாங்கப்பா என்று நெலிடா கையைப் பிடித்ததும், ஆளைக் கெடுக்காதே என்று அம்மா அதட்டினாள்.

நெலிடா ஒரு முடிவுக்கு வந்தாள். மறுநாள் பெரிய வெள்ளி. இரண்டு பேரும் தேவாலயத்துக்குப் போன நேரத்தில், கோசுப் பாத்தியில் இறங்கி, ஒரு புல் விடாமல் பிடுங்கி எறிந்தாள். இன்றைக்காவது அப்பா அடுப்புப் பக்கத்தில் கதகதப்பாக உட்காரட்டும்.

திரும்பி வந்த அம்மா, அப்பாவை வீட்டுக்குள் விட்டுவிட்டுத் தோட்டத்தை எட்டிப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"யாருடி உன்னை இதைச் செய்யச் சொன்னது?"

இத்தனை வருஷத்தில் மகளை அவள் அப்படித் திட்டியதே இல்லை. அப்பா தோட்டத்துக்குக் கிளம்பியபோது, இன்றைக்கு வேண்டாம், கொஞ்சம் படுத்து எழுந்திரு என்று தடுத்ததும் அவளேதான். அவர் கண் அசந்ததும் கூடையை எடுத்துக்கொண்டு பின்பக்கமாக வெளியே போனாள்.

நெலிடா பின்னாலேயே போனாள். வயலைத் தாண்டி, வாய்க்கால் கரையில் அம்மா மண்டியிட்டு, பழைய கத்தியால் களைகளை வேரோடு தோண்டிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் கோசுக்கு நடுவில் குழி பறித்து, ஒவ்வொன்றாக நட்டு, மண்ணை அழுத்தி விட்டாள்.

மகள் நிற்பது தெரிந்தும் அவள் திரும்பவில்லை.

"பார்வை போனப்புறம் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்தவர்தான். சாப்பிடக்கூட எந்திரிக்கல. உன் தோட்டத்துல களை மண்டிக் கிடக்குன்னு ஒருநாள் கத்தினேன். ரோஷம் வந்து எந்திரிச்சு வந்தார். கொஞ்ச நாள்ல எல்லாக் களையும் தீந்துபோச்சு. நான் வேற என்னடி பண்றது?"

நெலிடா பக்கத்தில் உட்கார்ந்தாள். மிச்சக் களையை இரண்டு பேருமாகச் சேர்ந்து நட்டார்கள்.

வெயில் தாழ அப்பா எழுந்து வந்தார். பாத்தியில் இறங்கித் தடவித் தடவிப் பிடுங்க ஆரம்பித்தார். அம்மா உள்ளே அடுப்பைப் பார்க்கப் போயிருந்தாள்.

"நெலிடா, இங்க வா. இதை மோந்து பாரு."

புதினா மாதிரி வாசம் அடித்தது.

"பொலேயோ. தண்ணி நிக்கிற இடத்துல மட்டும்தான் வரும். நம்ம மண்ணுல ஒருநாளும் முளைச்சதில்ல."

அப்பா செடியைத் தன் கைக்குத் திரும்ப வாங்கிக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"உங்கம்மாகிட்ட மூச்சு விடாதே. இடுப்பு வலியோட வாய்க்கால் வரைக்கும் போய் எடுத்துட்டு வர்றா. நான் இதையெல்லாம் பிடுங்கலேன்னா அவ மனசு ஒடிஞ்சிடும்."

பிறகு அப்பா அந்தச் செடியைத் தூர எறிந்துவிட்டு, சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"ஏ கிழவி, பிடுங்கப் பிடுங்க வருதே இந்தக் களை. நான் ஒருத்தன் இல்லேன்னா இந்தத் தோட்டம் என்னத்துக்கு ஆகும்?"